சூடானதும் சுற்ற மறுக்கும் புது ரிவால்வர்: திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையது வாங்கலாமா?

கேள்வி

வணக்கம். நான்கு அங்குலக் குழல் உள்ள .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். ஒரு பெட்டி தோட்டா சுடும்வரை நன்றாக இருக்கிறது. அப்புறம் சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) இறுகிக்கொள்கிறது, விசையை இழுக்கவே முடியவில்லை. ஆறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. முன் சைட்டும் (குறிபார்க்கும் முனை) லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுவில் சுட, பின் சைட்டை வலது ஓரத்துக்கே தள்ள வேண்டியிருக்கிறது.

தெரிந்தவர் ஒருவர் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 (அதுவும் .357 மேக்னம் ரிவால்வர்தான்) ஒன்றை விற்கிறார். புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவிடலாமா?

பதில் 1

அவசரப்படாதீர்கள் நண்பரே. தோட்டா ஒன்றும் இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, மூன்று விஷயங்களைச் சோதியுங்கள்.

வெற்று உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் சிக்கியிருக்கிறதா? ஒரு துகள் போதும், சிலிண்டர் இறுக. அடுத்து, அதன் தண்டு மரை தளர்ந்திருக்கிறதா? தளர்ந்தால் தண்டு நீண்டு முன்பக்கம் முட்டும். இறுக்கும்போது அறைகளில் வெற்று உறைகளைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு பின்கள் சேதமாகும். மரை வலமா இடமா என்று பார்த்துத் திருப்புங்கள். ஸ்மித்தில் 1960களின் தொடக்கத்திலிருந்து இடமரைதான்.

மூன்றாவது, குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி. ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரண்டு பக்கமும் அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்

தகட்டின் அடி சுத்தம். தண்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது. இடைவெளி இடப்பக்கம் 0.005 அங்குலம். வலப்பக்கம் 0.002 தகடுகூட நுழையவில்லை. சிலிண்டரின் முன்முகத்தில் வட்டமாக ஒரு தேய்மானக் கோடும் தெரிகிறது.

பதில் 1

அப்படியென்றால் காரணம் அதுதான். குழலின் பின்முனையைச் சதுரமாக வெட்டவில்லை. 0.004 முதல் 0.010 வரை இருந்தால் பொதுவாகச் சரி என்பார்கள். உங்களுடையது சூட்டில் விரிந்து, கரியும் படிந்ததும் உரசுகிறது. அரம் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். கை வைத்தால் வாரண்டி போய்விடும், இடைவெளி கூடினால் குறைப்பதற்குக் குழலையே கழற்ற வேண்டும். சாய்ந்த சைட்டும் குழலை முறுக்கிப் பூட்டியதில் வந்த பிழைதான். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி, அளவுகளையும் படங்களையும் சேர்த்துத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். "சில நேரம் சிக்குகிறது" என்று மட்டும் எழுதினால், துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதில் 2

மாடல் 19 பற்றி நான் சொல்கிறேன். 1982-க்கு முந்தையது என்றால் குழலைக் குறுக்கே ஒரு பின் பிடித்திருக்கும். சேகரிப்பவர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பின் துப்பாக்கியின் உடல்நிலையைச் சொல்லாது.

முதலில் குழலின் பின்வாயை விளக்கடித்துப் பாருங்கள். இந்த மாடலில் அதன் அடிப்பக்கம் இடம் போதாமல் மெலிதாக்கப்பட்டிருக்கும். 125 கிரெயின் (குண்டின் எடையளவு) மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டவற்றில் அங்கேதான் விரிசல் விழும். விரிசல் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அதற்கு மாற்றுக் குழல் கிடைப்பது அரிது.

பிறகு சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹாமரை (பின்பக்கச் சுத்தியலை) மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று மட்டும் பிந்துவதும் உண்டு. சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, காலியான துப்பாக்கியின் ஹாமரை இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் பெருவிரலால் முன்னே தள்ளுங்கள். விழுந்துவிட்டால் யாரோ உள்ளே அராவியிருக்கிறார்கள், அது ஆபத்து.

பிந்துவதையும் ஆடுவதையும் நல்ல கைவினைஞர் சரிசெய்துவிடுவார். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேட்டவர்

புதியதை அளவுகளோடு அனுப்பிவிடுகிறேன். பழையதையும் பார்க்கப் போகிறேன். பின்வாய் நன்றாக இருந்தால் அதில் எந்தத் தோட்டா போடலாம்?

பதில் 2

பழக்கத்துக்கு .38 ஸ்பெஷல் போடுங்கள், அந்த வேகம் குறைந்த தோட்டாவும் .357 அறையில் பொருந்தும். மேக்னம் வேண்டுமென்றால் 158 கிரெயின், அதுவும் அளவோடு. .38 உறை குட்டை, அதனால் அறையில் கரி வளையம் படியும். மேக்னம் போடும் முன் அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீள உறை முழுதாக உள்ளே போகாது.