பையனுக்கு எஞ்சினியரிங் டெக்னாலஜி: வங்கிக் கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

பீனிக்ஸ் அம்மா:
வணக்கம். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த என் மகனுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் டெக்னாலஜி இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷப் பட்டம். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தால் வருஷத்துக்கு 3.5 லட்சம் ரேண்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அதனால் அரசு மாணவர்களுக்குத் தரும் என்ஸ்ஃபாஸ் நிதியுதவி இல்லை. வங்கிக் கடன் என்றால் வீட்டுக்காரர் ஜாமீன் போட வேண்டும்.

நேற்று ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு போட்டேன். கட்டணம், புத்தகம், பஸ் எல்லாம் சேர்த்து வருஷம் 80,000 என்று வைத்தால் மூன்று வருஷத்தில் 2.4 லட்சம். 11 சதவீத வட்டி என்றால் படிக்கும்போதே வட்டி மட்டும் மாசம் 730-ல் தொடங்கிக் கடைசி வருஷம் 2,200 ஆகிறது. அப்புறம் அஞ்சு வருஷத்தில் அடைக்க மாசம் 5,200. மொத்தமாகக் கையை விட்டுப் போவது 3.66 லட்சம். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

செட்ஸ்வொர்த் எலெக்ட்ரீஷியன்:
வேண்டாம் அக்கா. நான் டிவெட் என்ற தொழிற்பயிற்சிக் கல்லூரி முடித்து ஒரு காண்ட்ராக்டரிடம் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். கொஞ்சமோ நஞ்சமோ, முதல் மாசமே சம்பளம் வந்தது. ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் திறன் தேர்வு பாஸ் செய்து, வயரிங் விதிகளுக்கான இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் பரீட்சை எழுதி, தொழிலாளர் துறையில் பதிவும் செய்தேன். இன்று யாராவது வீடு விற்றால் வயரிங் சரி என்ற சான்றிதழில் நான் கையெழுத்து போடுகிறேன். 2023-ல் கரண்ட் கட் தாங்காமல் ஜனங்கள் சோலார் போட்டபோது ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருந்தது. பட்டம் வாங்கிய பையன்கள் என்னிடம் ஹெல்ப்பர் வேலை கேட்டு வந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

வெஸ்ட்வில் டெக்னாலஜிஸ்ட்:
தம்பி, உங்கள் தொழிலை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் மாசச் சம்பளத்தை வைத்து ஒரு பட்டத்தை எடைபோடாதீர்கள். நான் 2013-ல் கடனோடுதான் முடித்தேன். முதல் வேலையில் கைக்கு வந்தது 9,800, அதில் கடன் தவணை 3,100. இரண்டு வருஷம் அம்மா வீட்டை விட்டு நகரவில்லை. பதிவு பெற்ற ஒருவரின் கீழ் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பயிற்சி வேண்டும், அதற்குப் பிறகுதான் பொறியியல் மன்றமான எக்ஸாவில் தொழில்முறை டெக்னாலஜிஸ்டாகப் பதிவு செய்ய முடியும். அது கிடைத்த பிறகு நிலைமை மாறியது. இப்போது 11 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன்களுக்கு ரிலே செட்டிங் கணக்கிடுவது என் வேலை. எந்தக் கோளாறுக்கு எந்த பிரேக்கர் எத்தனை மில்லிசெகண்டில் விழ வேண்டும் என்பதற்கு நான் பொறுப்பு. ட்ரேட் டெஸ்டை மட்டும் வைத்து இந்த நாற்காலிக்கு வர முடியாது. எக்ஸா அங்கீகரித்த இந்தப் பட்டம் சிட்னி உடன்படிக்கையிலும் வருகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனாலும் படிப்பைச் சமமாக எடுத்துக்கொள்வார்கள்.

மெர்பேங்க் தாத்தா:
அந்த மூன்று வருஷப் பயிற்சியை இப்போது யார் தருகிறார்கள் என்று பாருங்கள். 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு எஞ்சென் எண்ணெய் ஆலையில் சுத்திகரிப்பு இல்லை, 2022-ல் சாப்ரெஃப் எண்ணெய் ஆலையும் நின்றது. எங்கள் காலத்தில் பையன்கள் பயிற்சிக்குப் போன இடங்கள் அவை.

செட்ஸ்வொர்த் எலெக்ட்ரீஷியன்:
அதேதான் தாத்தா. இன்னொன்று, டெக்னாலஜிஸ்ட் அண்ணன் சொல்வது மூன்று வருஷத்தில் படிப்பை முடித்தால்தான் பலிக்கும். என் அக்கா மகன் முதல் வருஷ மேத்ஸில் இரண்டு முறை ஃபெயில். எப்படியோ முடித்தான், ஆனால் கட்டணப் பாக்கி என்று அவன் படித்த பல்கலைக்கழகம் சான்றிதழைத் தரவில்லை. இன்டர்வியூவில் காட்ட கையில் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் பாக்கியைக் கட்ட வழியில்லை. இப்போது ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறான். அக்கா இன்றும் அவன் பெயரில் தவணை கட்டுகிறாள்.

வெஸ்ட்வில் டெக்னாலஜிஸ்ட்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. என்னோடு சேர்ந்தவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. நான்காவது வருஷம் வந்தால் இன்னொரு 80,000, அதற்கும் வட்டி. பட்டமே இல்லாமல் வெளியே வந்தால் கடன் மட்டும் மிஞ்சும்.

அம்மா, மகனின் கணக்கு மார்க் என்ன? வங்கிக் கடனுக்கு வருஷா வருஷம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதனால் மூன்று வருஷத்துக்கும் இப்போதே தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் படிப்புக்குத் தரும் உதவித்தொகைகளுக்கும் (பர்சரி) எழுதிப் போடச் சொல்லுங்கள். ஒரு வருஷம் படிக்க வைத்தால் ஒரு வருஷம் அவர்களிடம் வேலை செய்ய வேண்டும் என்பார்கள். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். தாத்தா கேட்ட பயிற்சி இடமும் அதோடு வந்துவிடும்.

பீனிக்ஸ் அம்மா:
கணக்கில் 68, ஃபிசிக்ஸில் 61. மூன்று பேர் சொன்னதையும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். முதல் வருஷத்துக்கு மட்டும் கையெழுத்து போடுகிறேன் என்கிறார். என் சீட்டுப் பணம் 18,000 பிப்ரவரியில் வரும், அதனால் கடன் 62,000-தான். ஜூன் மார்க் வந்த பிறகு அடுத்ததைப் பேசலாம் என்று மகனிடமும் சொல்லிவிட்டோம். பர்சரிக்கு இன்று மூன்று இடத்துக்கு எழுதினான்.

செட்ஸ்வொர்த் தம்பி, ஜூலை லீவில் அவனை உங்களோடு வேலைக்குக் கூட்டிப்போவீர்களா? சம்பளம் வேண்டாம்.

செட்ஸ்வொர்த் எலெக்ட்ரீஷியன்:
அனுப்புங்கள் அக்கா. சம்பளமும் கொடுப்பேன். சேஃப்டி பூட்ஸ் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சாதாரண ஷூவோடு கூரை மேல் ஏற்ற மாட்டேன்.