பல்கேரிய எழுத்து ஒன்றுக்கு எழுத்துரு தேவை, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பல்கேரிய மொழி படிக்கிறவர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தயாரிக்கிறேன். ஒரே ஓர் எழுத்து பாடாய்ப் படுத்துகிறது.

பல்கேரிய மொழியை எழுதும் சிரிலிக் வரிவடிவத்தில் ‘இ’ (и) தனியாக வந்தால் ‘உம்’ என்று பொருள். அதன் தலையில் இடமிருந்து வலமாகச் சரியும் சிறு கோடு போட்டால் (ѝ) ‘அவளுடைய’. ‘மாய்க்கா இ’ என்பதில் கோடு இருந்தால் ‘அவளுடைய அம்மா’. கோடு விழுந்துவிட்டால் ‘அம்மாவும்’ என்று பாதியில் நிற்கும். உச்சரிப்பு ஒன்றேதான், கண்ணுக்கு மட்டும்தான் வித்தியாசம். மாசிடோனிய மொழியிலும் இந்த எழுத்து உண்டு.

சிரிலிக் எழுத்துகளுக்கான பழைய கணினிக் குறியீடான விண்டோஸ்-1251-இல் கோடு போட்ட இந்த எழுத்துக்கு இடமில்லை. அதனால் பலர் பிறைக்குறி போட்ட ‘ய்’ எழுத்தை வைத்துச் சமாளித்தார்கள். எனக்கு அது வேண்டாம், புதிதாகப் படிப்பவர்கள் தப்பாகவே பழகிவிடுவார்கள்.

திரையில் எல்லாம் சரி. பிடிஎஃப் ஆக்கினால் இந்த எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் தடித்து நிற்கிறது. கோட்டைத் தனிக்குறியாகச் சேர்த்துப் பார்த்தேன், அது பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காருகிறது.

இதை ஒரே எழுத்தாகக் கொண்ட, சாய்வு வடிவமும் உள்ள இலவச எழுத்துரு யாருக்காவது தெரியுமா? அப்புறம், லினக்ஸ் விசைப்பலகையில் இதை நேரடியாகத் தட்ட வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த வாரமே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.