பொருள்: ஷாப் ஸ்டூவர்ட், ஃபெடரேஷன், கான்ஃபெடரேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

மெய்ப்புநோக்கி:

அன்புடையீர், வணக்கம். கிளை நிர்வாகிகளுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் இயல், சங்கம் அடிமட்டத்திலிருந்து உலக அளவுவரை எப்படி அமைகிறது என்பது பற்றியது. கிளைச் சங்கம், வட்டாரக் குழு, தேசியச் சங்கம் எல்லாம் எழுதியாயிற்று. அடியில் ஒரு சொல்லும் உச்சியில் இரண்டு சொற்களும் இடிக்கின்றன. அடியில் ஷாப் ஸ்டூவர்ட், அதாவது வேலையிடத்திலேயே இருந்து சக உறுப்பினர்களின் குறைகளைச் சங்கத்தின் சார்பில் எடுத்துப் பேசுபவர். உச்சியில் ஃபெடரேஷனும் கான்ஃபெடரேஷனும், அதாவது சங்கங்கள் பல சேர்ந்து அமைக்கும் மேல் அமைப்புகள். இவை இரண்டுக்கும் 'கூட்டமைப்பு' என்றே போட்டு ஒப்பேற்ற முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை (1948), ஐந்தாம் பிரிவு, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைக்கிறது. 'கூட்டமைப்புகளையும் கூட்டமைப்புகளையும் அமைக்கும் உரிமை' என்றா அச்சிடுவது?

வேர்தேடி:

கீழிருந்தே தொடங்குவோம். ஸ்டூவர்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டிக்வேர்ட்'. ஸ்டிக் என்றால் கூடம், வேர்ட் என்றால் காப்பவர். பன்றித் தொழுவக் காவலர் என்று சிலர் சொல்வது கட்டுக்கதை. கூடத்தில் இயங்குபவர் என்பதற்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: மன்றாடி. மன்று என்றால் பொது அவை, ஆடுதல் என்றால் இயங்குதல். பிறர் குறையை அவையில் எடுத்துரைப்பவர் என்ற பொருளும் தானாக வந்து சேர்கிறது. இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?

கிளைச்செயலர்:

வேர்தேடி ஐயா, இன்றைய வழக்கில் மன்றாடுவது கெஞ்சுவது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சுவதற்கா ஆள் தேர்ந்தெடுக்கிறோம்? நிர்வாகத்தோடு சங்கம் போட்ட ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடுவதுதான் அவர் வேலை.

நன்னூலான்:

அதோடு, சோழர் கல்வெட்டுகளில் மன்றாடி என்பவர் கோயிலின் நந்தா விளக்குக்கு (அணையா விளக்குக்கு) நெய் அளக்கும் இடையர். ஒரு விளக்குக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை ஒப்படைப்பார்கள். கிழட்டாடு கழிய, குட்டி சேர, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்ற பெயர்.

கணக்கர்:

உறுப்பினர் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்ளும் கலை என்றால் மன்றாடி பொருந்தத்தான் செய்கிறார்!

கிளைச்செயலர்:

வேலை தெரிந்தால்தான் சொல் அமையும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஷாப் ஸ்டூவர்ட் சங்கத்தின் சம்பளக்காரர் அல்லர். தன் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டே இந்தப் பொறுப்பையும் பார்ப்பவர், தன் பிரிவின் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் (சில சங்கங்களில் கிளையே நியமிக்கும்). ஒரு பிரிவுக்கு ஒருவர் போதாது. மாற்றுப்பணி நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வேண்டும். பகலில் மட்டும் ஆள் இருந்தால், இரவுப்பணியில் நடக்கும் தண்டனைப் பேச்சுகளில் சங்கத்தின் சார்பில் யாரும் இருக்கமாட்டார்கள்.

குறை வந்ததும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியவை: யார், என்ன, எங்கே, எப்போது, சாட்சி யார், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது. எந்தப் பிரிவும் மீறப்படவில்லை என்றால் அது மனக்குறைதான். ஒப்பந்தப்படியான முறையீடு ஆகாது, வேறு வழியில்தான் தீர்க்கவேண்டும். முறையீடு என்றால் படிகள் உண்டு. முதல் படியில் இவரும் நேரடி மேற்பார்வையாளரும். தீராவிட்டால் எழுத்தில், கிளையின் முறையீட்டுக் குழுவும் துறைத் தலைவரும். அதற்கு மேல் தேசியச் சங்கத்தின் முழுநேர அலுவலரும் நிர்வாகமும். கடைசிப் படி நடுவர். ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. வழக்கு வலுவாக இருந்தும் தோற்பது பெரும்பாலும் முதல் கெடுவைத் தவறவிட்டதால்தான்.

இன்னொரு கேடும் உண்டு. 'இந்த ஒருமுறை போகட்டும்' என்று மேற்பார்வையாளரோடு இவர் வாய்மொழியாக முடித்துக்கொள்வார். அதுவே திரும்பத் திரும்ப நடந்தால், நாளை நடுவர்முன் நிர்வாகம் அதைத்தான் 'வழக்கம்' என்று எடுத்துவைக்கும்.

ஆகவே சொல்லில் 'இடம்' தெரியவேண்டும், 'பொறுப்பு' தெரியவேண்டும். பணிக்களப் பொறுப்பாளர் என்பது என் முன்மொழிவு.

நன்னூலான்:

பணிக்களப் பேராளர்? 'பிரதிநிதி' என்ற வடசொல்லைத் தவிர்க்கலாம்.

கிளைச்செயலர்:

பேராளர் என்ற சொல் ஏற்கெனவே மாநாட்டுக்குப் போய்விட்டது, ஐயா. ஒரு மாநாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாநாடு முடிந்ததும் பொறுப்பும் முடிகிறவர் அவர். பிரதிநிதி என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 135ஆம் உடன்படிக்கை (1971) 'தொழிலாளர் பிரதிநிதி' என்பதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சங்கமோ அதன் உறுப்பினர்களோ தேர்ந்தெடுத்தவர் ஒருவகை. சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் தொழிலாளரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தவர் மற்றொரு வகை. ஜெர்மனியில் தொழிலகக் குழு உறுப்பினர்கள் இரண்டாம் வகை, நம் ஆள் முதல் வகை. வெறும் பிரதிநிதி என்றால் இரண்டும் குழம்பும்.

நன்னூலான்:

சங்கம் என்பதே தமிழ் இல்லை, அதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்? தொழிலாளர் கழகம் என்போமே.

வேர்தேடி:

குறளில் கழகம் வருவது சூதாடுமிடத்துக்கு. மாங்குளம் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டில் 'வெள்ளறை நிகமத்தோர்' வருகிறார்கள். கூட்டாகத் தொழில் செய்தோருக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களில் ஒன்று நிகமம்.

கணக்கர்:

நிகமமும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். தவிர, அது வணிகர் குழு. கூலிக்காரர் சங்கத்துக்கு முதலாளிகள் சங்கத்தின் பெயரா!

உச்சிக்கு வருவோம், அங்கே காசு எப்படிப் போகிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். உறுப்பினர் சந்தா கிளைக்கோ நேரே தேசியச் சங்கத்துக்கோ போகும். கிளை வாங்கினால் தலைக்கு இவ்வளவு என்று மேலே அனுப்பும். தேசியச் சங்கம், தான் சேர்ந்திருக்கும் மேல் அமைப்புகளுக்கு அதே தலைக்கணக்கில் இணைப்புக் கட்டணம் கட்டும். மாநாட்டு வாக்குகளும் பெரும்பாலும் தலைக்கணக்குத்தான். காசு இல்லாத சங்கம் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், நாற்காலி வேண்டிய சங்கம் கூட்டிக் காட்டும். 'கட்டணம் கட்டிய எண்ணிக்கைக்கு மட்டுமே வாக்கு' என்று விதியில் எழுதிவைத்தால் இரண்டு ஆசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

ஃபெடரேஷன் பொதுவாக ஒரு தொழில்துறைக்குள் அமைவது. கான்ஃபெடரேஷன் எல்லாத் துறைகளையும் தழுவியது. அரசோடு பேசும், சட்ட வரைவுக்குக் கருத்துச் சொல்லும், எந்தத் தொழிலாளர் எந்தச் சங்கத்துக்கு என்று உறுப்புச் சங்கங்களுக்குள் எல்லைத் தகராறு வந்தால் தீர்த்துவைக்கும். ஊதிய ஒப்பந்தம் போடுவது பல நாடுகளில் அதன் வேலையில்லை. ஜெர்மனியில் 1949இல் அமைந்த நாடளாவிய அமைப்பு ஒப்பந்தம் போடுவதில்லை, உலோகத் தொழிலாளர் சங்கம் போன்ற உறுப்புச் சங்கங்களே போடுகின்றன. உலக அளவிலும் இதே கோடுதான். 1896இல் தொடங்கிய பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் அமைப்பும் 2012இல் உருவான இண்டஸ்ட்ரிஆலும் (சுரங்க, எரிசக்தி, ஆலைத் தொழிலாளர் சங்கங்களின் உலக அமைப்பு) துறைவழி. 2006இல் வியன்னாவில் அமைந்த ஐடியுசி (பன்னாட்டுத் தொழிற்சங்கக் கான்ஃபெடரேஷன்), தேசிய மையங்களின், அதாவது ஒவ்வொரு நாட்டின் நாடளாவிய தொழிற்சங்க அமைப்புகளின், அமைப்பு.

வேர்தேடி:

தலைக்கணக்கு என்பதைவிடத் 'தலைக்கட்டு' நல்ல பழஞ்சொல்.

கணக்கர்:

தலைக்கட்டு குடும்பத்தைக் கணக்கிடும். நாம் ஆளைக் கணக்கிடுகிறோம்.

மெய்ப்புநோக்கி:

கோடு புரிகிறது. ஆனால் பெயர்கள் அதன்படி நடக்கவில்லையே. 1945இல் பாரிசில் அமைந்த உலகத் தொழிற்சங்க சம்மேளனம் பெயரில் ஃபெடரேஷன், சேர்ந்தவையோ தேசிய மையங்கள். 1868இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய மையத்தின் பெயரிலோ 'காங்கிரஸ்'.

கணக்கர்:

சிறப்புப் பெயர்களை வழங்குகிறபடியே விட்டுவிடுங்கள். பொதுப்பெயருக்கு மட்டும் சொல் முடிவு செய்வோம். துறைக்குள் அமைவது சம்மேளனம், எல்லாத் துறைக்கும் பொதுவானது பேரமைப்பு. ஆலை வாயிலில் நிற்பவருக்குச் சம்மேளனம் புரியும்.

நன்னூலான்:

சம்மேளனம் வேண்டாம். இணையம், பேரிணையம். இரண்டும் ஒரே வேரில் ஏறுவரிசையாக நிற்கும்.

கிளைச்செயலர்:

'எங்கள் சங்கம் பேரிணையத்தில் சேர்ந்துவிட்டது' என்றால் வைஃபை கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள்.

நன்னூலான்:

அப்படியானால் கூட்டமைப்பு, பேரமைப்பு. இதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

கணக்கர்:

கூட்டமைப்பு என்று போட்டால் வாசகர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுவார். தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

மெய்ப்புநோக்கி:

தட்டச்சுக்குப் போயாகவேண்டும். சம்மேளனம் – பேரமைப்பு: கணக்கரும் கிளைச்செயலரும் ஆதரவு, நன்னூலான் எதிர்ப்பு, வேர்தேடி விடையளிக்கவில்லை. பணிக்களப் பொறுப்பாளர்: மூவர் ஆதரவு, ஒருவர் மன்றாடி. இப்படியே அனுப்புகிறேன். சொல்லடைவில் 'ஷாப் ஸ்டூவர்ட்' என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்துவிடுகிறேன், தேடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

வேர்தேடி:

அடிக்குறிப்பில் மன்றாடியைச் சேர்க்கலாமே? இரண்டு வரி போதும், நானே எழுதித் தருகிறேன்.

நன்னூலான்:

சம்மேளனத்துக்கு என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். அட்டையில் 'தொழிற்சங்க கையேடு' என்று போட்டிருக்கிறீர்கள், க் எங்கே?