விலை கூடிய ஆல்பம்தான் முதலில் போனது

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களை எல்லாம் இறக்கிப் பிரித்துப் பார்த்த அனுபவம் இது. படங்களையும் துணுக்குகளையும் ஒட்டிச் சேர்க்கும் ஸ்கிராப்புக் செய்ய ஆரம்பித்தாலே கலர் தாள், ஸ்டிக்கர் என்று அலங்காரத்துக்குத்தான் முதலில் செலவு செய்கிறோம். ஆனால் அந்த ஆல்பம் நாற்பது வருஷம் தாங்குமா என்பதைப் பசையும் தாளும்தான் தீர்மானிக்கின்றன.

தாத்தாவின் கறுப்புத் தாள் ஆல்பம் 1961-இல் தொடங்கியது. படங்கள் முக்கோணக் காகித மூலைகளில் செருகி நிற்கின்றன. எந்தப் படத்தின் முதுகிலும் பசை படவில்லை. பக்கங்களுக்கு நடுவே சிலந்திவலைக் கோலம் அழுத்திய மெல்லிய தாள். கறுப்புத் தாளின் ஓரம் தொட்டால் உதிர்கிறது. ஆனால் படத்தை உருவி எடுத்தால் ஒரு கறை இல்லை. அடியில் வெள்ளைப் பென்சிலால் ‘குற்றாலம், ஆடி மாதம்’ என்று அவர் எழுதியதை இன்றும் தெளிவாகப் படிக்கலாம்.

அம்மாவின் கல்யாண ஆல்பம் 80-களில் வாங்கியது. பிளாஸ்டிக் உறையைத் தூக்கி, படத்தைப் பசைப் பக்கத்தில் வைத்து மூடுவோமே, அந்த ரகம். அன்றைக்கு அதுதான் விலை கூடியது. இப்போது பசை பழுத்து, படங்களின் முதுகில் பழுப்புக் கோடுகளாக ஏறியிருக்கிறது. இழுத்தால் படம் கிழியும். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்கும் அசையாத படங்களைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொண்டேன். அந்த ஆல்பத்தில் ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்று சொல்ல இப்போது ஆளில்லை.

சித்தப்பா 1983 உலகக் கோப்பைச் செய்திகளை வெட்டி ஒட்டிய நோட்டு இன்னொரு கதை. செய்தித்தாள் மரத்தை அரைத்துச் செய்வது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டுத் தாள் மஞ்சளாகும், உள்ளே அமிலம் ஏறும், மடித்த இடத்தில் ஒடியும். அந்த அமிலம் பக்கத்துத் தாளையும் விடாது. கபில்தேவ் படம் இருந்த பக்கத்துக்கு எதிரே அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரம் விழுந்திருக்கிறது. செல்லோடேப் உதிர்ந்துபோய், அதன் பசை மட்டும் தேன் நிறக் கறையாக நிற்கிறது.

அதனால் நான் துணுக்குகளை நல்ல வெள்ளைத் தாளில் நகலெடுத்து, நகலைத்தான் ஆல்பத்தில் வைக்கிறேன். அசல் தனி உறையில் போய்விடும். உறை பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டராக இருக்கட்டும். ரெக்சின் வாசம் அடிக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அது நாளாக ஆகப் படத்தைக் கெடுக்கும்.

* * *

அக்கா, மூலைகளைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கள் தரைத்தளம் முழுகியது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் சேறு. மூலையில் செருகியிருந்த ஸ்டுடியோ படங்களை உடனே வெளியே எடுக்க முடிந்தது. தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒன்றோடொன்று ஒட்டியவற்றை ஊறவைத்துப் பிரித்து, நிழலில் கொடி கட்டி கிளிப் மாட்டிக் காயவைத்தோம். படப்பக்கத்தைத் துணியால் துடைக்கவே கூடாது, வண்ணம் துணியோடு வந்துவிடும். நேரம் போதாமல் மிச்சமிருந்ததை பிளாஸ்டிக் பையில் போட்டு, கரண்ட் இருந்த மாமா வீட்டு ஃப்ரீசரில் வைத்தோம். பிறகு பொறுமையாக எடுத்துப் பிரித்தோம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்கள் மட்டும் தண்ணீரிலேயே கரைந்துபோயின. ஆல்பம் எதுவாக இருந்தாலும் மேல்தட்டில், படுக்கைவாட்டில் வையுங்கள். பரணும் வேண்டாம், வெக்கை தாங்காது.

* * *

தஞ்சாவூர்ப் பக்கம் பைண்டிங் வேலை பார்த்தவன் நான், பசையைப் பற்றி நானும் சொல்கிறேன். மைதாப் பசை தண்ணீரில் விட்டுவிடும் என்பது நல்ல விஷயம். ஃபெவிகால் காய்ந்தால் சுலபத்தில் விடாது. ஆனால் மைதாவுக்கு ராமபாணம் என்ற தாள் தின்னும் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். அதற்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது எங்கள் வழக்கம். கணக்குப் பேரேட்டின் அட்டைக்கு அது சரி. படம் வைக்கும் பக்கத்துக்கு வேண்டாம், தாமிரம் தாளைச் சீக்கிரம் அரித்துவிடும். பூச்சிக்கு சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்குச் செய்வதுபோல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கலாம். ஆல்பத்துக்குள்ளே வைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. இப்போது கண்டக்டர் கை மெஷினில் கிழித்துத் தரும் பஸ் டிக்கெட்டும் சினிமா டிக்கெட்டும் பெரும்பாலும் வெப்பத்தாள், அதாவது மையில்லாமல் சூட்டால் எழுத்து பதியும் தாள். சில வருஷத்திலேயே எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். சேர்த்துவைக்க நினைத்தால் வாங்கிய வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.