பைலட் இறங்குவதைப் பார்த்தது எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான்

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். ராத்திரி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 14 வருஷமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் ஏறியதில்லை. மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரும் வேலையாகத்தான் கப்பலில் ஏறியிருக்கிறாரே தவிர, உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்ததில்லையாம். அதனால் ஜூன் முதல் வாரம் இரண்டு ராத்திரி, நடுக்கடல் வரைக்கும் போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் போட்டோம். வேறு நாட்டுக்குப் போகவில்லை என்பதால் ஆதார் அட்டையே போதும்.

மாமா பெட்டிகளைப் பார்த்து, "இன்னாம்மா இது, ஷேர் ஆட்டோ தூரத்துல கீற ஹார்பருக்கு இத்தினி பொட்டியா?" என்றார். அவர் பையில் ஒரு பாட்டில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு இருந்தது எனக்குத் தெரியாது. சோதனையில் அது மாட்டி, வெளிச் சாப்பாடு கூடாது, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எடுத்து வைத்துவிட்டார்கள். அதிலிருந்து மாமாவுக்குக் கப்பல் மேல் ஒரு கோபம்.

உலகக் கணக்கில் இது சின்னக் கப்பல். ஐம்பதாயிரம் டன்னுக்கும் குறைவு. இப்போது 365 மீட்டர் நீளத்தில், இரண்டரை லட்சம் டன் அளவில் எல்லாம் கட்டுகிறார்கள். இந்த டன் எடையே இல்லை, கப்பலுக்கு உள்ளே இருக்கிற மொத்த இடத்தின் கணக்கு என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால் உங்களுக்கென்று சொன்ன இடத்துக்கு ஓடி வர வேண்டும். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் லைஃப் ஜாக்கெட் வாரைச் சரிபார்த்து எங்கள் எல்லாருக்கும் இறுக்கிவிட்டார்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் மேல்தளத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றி டிஜே ஆரம்பித்துவிட்டது. மாமா என் பையனைக் கூட்டிக்கொண்டு பக்கவாட்டுத் தளத்துக்குப் போனவர், கொஞ்ச நேரத்தில் "எல்லாரும் கீழ வாங்க" என்று ஆள் அனுப்பினார். துறைமுகத்து வழியைத் தெரிந்த பைலட் ஒருவர் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று கப்பலை வெளியே கொண்டுவந்து விடுவார் இல்லையா, அவர் இறங்குகிற நேரம். கப்பல் நிற்காது. பக்கத்தில் ஒரு சின்ன லாஞ்ச் ஒட்டினாற்போல் ஓடி வருகிறது, கப்பல் வயிற்றில் ஒரு கதவு திறந்து கயிற்று ஏணி தொங்குகிறது, அந்த மனுஷன் ஏணியில் இறங்கி, லாஞ்ச் அலையில் மேலே எழும்புகிற நொடிக்காகக் காத்திருந்து ஒரே எட்டில் தாண்டிவிட்டார். என் பையன் கை தட்டினான். மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எத்தினி வருசம் இங்க வேல செஞ்சிட்டு இத மேலருந்து பார்த்ததே இல்லம்மா" என்றார். மேலே ஆயிரம் பேருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள், இதைப் பார்த்தது நாங்கள் நான்கு பேர்.

அப்புறம் ஊரைப் பார்த்தோம். மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை, ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக் கூடாது, அதனால் காசிமேட்டில் படகுகள் தலையோடு தலை இடித்துக்கொண்டு நின்றன. தெற்கே மெரினா அகலமான மணலாகத் தெரிகிறது, வடக்கே நம் பக்கம் திருவொற்றியூர் வரை கல்லுக்கட்டு. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வருமாம். 1881-க்கு முன்னும் பின்னுமாகக் கட்டிய துறைமுகச் சுவர் அதை மறித்ததால்தான் அந்தப் பக்கம் மணல் சேர்ந்து பீச் ஆனது, இந்தப் பக்கம் கடல் தெருவையே தின்றது. படித்திருக்கிறேன், ஆனால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தபோது நிஜமாகவே வயிறு எரிந்தது.

அறை விஷயத்தில் ஏமாந்தோம். உயரத்தில், முன்பக்கம் இருந்தால் நல்லா தெரியும் என்று காசு கூடக் கொடுத்து எடுத்தோம். கப்பலுக்குத் தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் உருளுவதை அது குறைக்கும். ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதற்கு அது உதவாது, அந்த ஆட்டம் இரண்டு முனையிலும்தான் அதிகம். பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். போகிறவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள், காசும் மிச்சம். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கரை சிக்னல் போனதும் என் வீட்டுக்காரர் போன் கப்பலின் சாட்டிலைட் சிக்னலைத் தானாகப் பிடித்துக்கொண்டது, வந்த பில்லைப் பார்த்து இன்னும் அந்தப் போன் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

சாப்பாடு எக்கச்சக்கம், காரம்தான் இல்லை. மாமா காரம் கேட்டுக் கேட்டு, கடைசியில் சமையல்கட்டிலிருந்து ஒரு பையனே பச்சை மிளகாயை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். "நீங்க எந்தப் பக்கம்?" என்றான். அவன் எண்ணூர்க்காரன். அவன் படுக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது, கப்பல் கிளம்புகிற நேரம்தான் அவனுக்கு அடுப்பில் வேலை அதிகம், அதனால் கடலிலிருந்து சொந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். மாமா போனில் எடுத்து வைத்திருந்த எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கைக் காட்டினார். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அத்தோ, அதுக்குப் பின்னாடிதான் எங்க வூடு" என்றான்.

ராத்திரி மாமா ரஜூலா கப்பல் கதை சொன்னார். 1973 வரைக்கும் மெட்ராஸிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது அது. சின்ன வயசில் வழியனுப்பப் போயிருக்கிறார். டெக் பாசஞ்சர் என்றால் பாயை விரித்துத் தளத்திலேயே படுக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் போவார்களாம்.

*

தண்டையார்பேட்டையிலிருந்து:

நீங்கள் சொல்வது உல்லாசம். நான் அந்தமானுக்கு அரசுக் கப்பலில் பங்க் கிளாஸில் போனவன். சுமார் 1,200 கி.மீ., இரண்டரை நாளுக்கு மேல். பெரிய ஹாலில் அடுக்குக் கட்டில், மேல் கட்டில்காரன் வாந்தி எடுத்தால் நமக்குத்தான். ஆனால் மூன்றாம் நாள் காலையில் பறவைக்கோலா மீன் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறந்தபோது ஹால் மொத்தமும் கைப்பிடிக் கம்பியில் நின்றது. சீட்டுக்கட்டு, ஊறுகாய், போர்வை கொண்டு போங்கள். எங்கள் தொக்கு பாட்டிலை யாரும் பிடுங்கவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

*

காசிமேட்டிலிருந்து:

அக்கா, நான் ஃபைபர் படகு. தடைக்காலத்திலும் நாங்கள் போகலாம். அந்தக் கப்பலைக் கீழேயிருந்து பார்த்த கதையைக் கேளுங்கள். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தாலோ பச்சை மட்டும் தெரிந்தாலோ பயமில்லை, அது ஒரு பக்கமாகப் போகிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம் மேல் வருகிறது என்று அர்த்தம். சரக்குக் கப்பல் இருட்டாக வரும், அந்த விளக்கு பளிச்சென்று தெரியும். உங்கள் கப்பல் திருவிழாத் தேர் மாதிரி மொத்தமும் எரிகிறது, அதில் எங்கே சிவப்பைத் தேட, எங்கே பச்சையைத் தேட? வலை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம், அதை விட்டுவிட்டும் ஓட முடியாது. டார்ச்சை அடித்துக்கொண்டே இருப்போம். மேலே பாட்டுச் சத்தம் கேட்கும். அது போன பிறகு வரும் அலையில் படகு தூக்கிப் போடும் பாருங்கள், அதுதான் எங்களுக்கு டிஜே.

*

ராயபுரம், மறுபடியும்:

தம்பி, இதைப் படித்ததும் மாமாவிடம் காட்டினேன். திரும்பி வரும் ராத்திரி, விடிய இன்னும் நேரம் இருந்தது, அவர் தூக்கம் வராமல் தளத்தில் நின்றிருக்கிறார். கீழே தூரத்தில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு அடித்ததாம். அந்தப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, "அவனுங்க வலை போட்டுக்கீறானுங்க, கப்பல் ஓட்டுறவன்கிட்ட சொல்லு" என்றிருக்கிறார். மேலே ரேடார் இருக்கிறது சார், அவர்களுக்குத் தெரியும் என்று பையன் சிரித்தானாம். மாமா அதை நம்பாமல் தன் போன் டார்ச்சைப் போட்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றாராம், அந்த வெளிச்சம் இடப்பக்கமாகப் பின்னால் போகும் வரைக்கும். எங்களிடம் இதை அவர் சொல்லவே இல்லை. காலையில் இறங்கும்போது தொக்கு பாட்டிலைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்.

ஜூன் முதல் வாரம், ஞாயிறு விடியல். அது உங்கள் படகா என்று மாமா கேட்கச் சொல்கிறார். அன்றைக்கு என்ன மீன் பட்டது என்றும்.