அண்டி ஆபீஸ் கருத்துக்கணிப்புக்கு அழைப்பு எப்படி எழுதணும்?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலையில (எங்க ஊர்ல அண்டி ஆபீஸ்னு சொல்வோம்) எச்.ஆர். வேலை பார்க்கிறேன். 140 பேர், பெரும்பாலும் பெண்கள். மூணு வாரம் முன்னாடி கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். 19 பேர்தான் பதில் தந்திருக்காங்க.

32 கேள்வியை 12 ஆக்கினேன். ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லியிருந்தேன்; ஆனா ஃபார்ம் மெயில் ஐடி கேட்டிருக்கு, நான் கவனிக்கல. இப்போ எடுத்தாச்சு, நம்பிக்கைதான் திரும்பல. முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரலோட ஒரு அக்கா கேட்டாங்க: "எழுதினா மொதலாளி பாப்பாரா மக்ளே?" அந்தப் பயம் நியாயம். போன வருஷம் அவங்க கேட்டதுல எதையும் நிர்வாகம் செய்யல.

அடுத்து, தாள்ல அச்சடிச்சுப் பெட்டி வைக்கப் போறேன். அழைப்போட முதல் வரியில என்ன சொன்னா அவங்க நம்பி எழுதுவாங்க?