டூயல் ஃபியூயல் ஜெனரேட்டர்: வாங்கும் முன் பிரேக்கர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரப் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ரொம்பக் கஷ்டப்பட்டோம். பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் ஜெனரேட்டர் வாங்கலாம் என்று பார்த்தால் 4,000 வாட்டில் இருந்து 12,000 வாட் வரை வரிசையாக இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நான் அப்படித்தான் முதலில் ஒன்று வாங்கினேன். 9,000 வாட், சக்கரம் இருந்தும் இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய கனம். வீட்டு வயரிங்கோடு அதை இணைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. கரண்ட் போன அன்று ஜன்னல் இடுக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை விட்டு, ஃபிரிட்ஜையும் இரண்டு விளக்கையும் ஓட்டினேன். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க யானையைக் கட்டிய கதைதான். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்விசிறிக்குப் பிளக்கே கிடையாது, நேராகச் சுவருக்குள் இருக்கும் வயரில் இணைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய மெஷின் வெளியே உறுமுகிறது, உள்ளே நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதனால் முதல் கேள்வி எத்தனை வாட் என்பதே இல்லை. கரண்ட் எந்த வழியாக வீட்டுக்குள் வரப்போகிறது என்பதுதான்.

அதற்கு முன் இரண்டு சொற்களைச் சரி செய்துகொள்வோம், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதில் குழம்புகிறார்கள். இங்கே கேஸ் என்றால் பெட்ரோல். நாம் கேஸ் என்று சொல்லும் சிலிண்டர் சமாச்சாரம் இங்கே புரொபேன். இன்வெர்ட்டர் என்றதும் நமக்கு பேட்டரிப் பெட்டி ஞாபகம் வரும், ஆனால் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்பதும் எஞ்சின் வைத்த ஜெனரேட்டர்தான். லோடு குறைந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வரும் கரண்ட்டும் சீராக இருக்கும். சாதாரண ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் கொடுப்பதற்காக ஒரு விளக்கு எரிந்தாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தமும் எரிபொருள் செலவும் அதனால்தான். ராத்திரி முழுக்க ஓட்டுவதாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டுமே என்று யோசித்து வாங்குங்கள்.

சரி, வழிக்கு வருவோம். ஒழுங்கான வழி இதுதான். வீட்டின் வெளிச்சுவரில் ஜெனரேட்டருக்கென்று ஒரு இன்லெட் பெட்டி, அங்கிருந்து பிரேக்கர் பெட்டிக்கு, அதாவது நம்மூர் மெயின் போர்டுக்கு வயர், அங்கே தெருக் கரண்ட்டா ஜெனரேட்டரா என்று மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் அல்லது இன்டர்லாக். இன்டர்லாக் என்பது சின்ன இரும்புத் தகடு. மெயின் பிரேக்கரை ஆஃப் செய்தால் மட்டுமே அது நகர்ந்து, ஜெனரேட்டர் பிரேக்கரை ஆன் செய்ய விடும். இரண்டையும் சேர்த்து ஆன் செய்யவே முடியாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் இதைச் செய்ய வேண்டும், பல ஊர்களில் பெர்மிட்டும் எடுக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரைச் சுவர் பாயின்ட்டில் சொருகினால் போதும் என்று யாராவது வீடியோ போட்டிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் ஜெனரேட்டரின் 240 வோல்ட் வெளிக்கம்பி வழியாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால், அது தலைகீழாக வேலை செய்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். செத்த கம்பி என்று நினைத்துத் தொடுகிற லைன்மேனின் கதி என்ன? ஆண் பிளக்கின் திறந்த முனையைத் தொட்டால் உங்கள் கதி என்ன?

பெரும்பாலான வீடுகளில் போடுவது 30 ஆம்ப் இன்லெட். நான்கு கால் பிளக், முறுக்கிப் பூட்டுகிற வகை, 120 வோல்ட்டும் 240 வோல்ட்டும் அதில் வரும். 240ஐ 30ஆல் பெருக்கினால் 7,200. அந்த வயர் வழியாக வீட்டுக்குள் வரக்கூடியது அவ்வளவுதான். நீங்கள் 12,000 வாட் வாங்கினாலும் 7,200க்கு மேல் உள்ளே வராது. அதற்கு மேல் வேண்டுமென்றால் 50 ஆம்ப் இன்லெட், அதற்கேற்ற தடித்த வயர் என்று வேலை கூடும்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150, 200 வாட்தான், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் 1,000ஐத் தாண்டலாம். ஹீட்டர் மின்விசிறி 500 முதல் 800. பேஸ்மென்ட்டில் தண்ணீர் வெளியேற்றும் அரை குதிரைத்திறன் பம்ப் ஓட்டத்தில் ஏறக்குறைய 1,000, கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மடங்கு. விளக்கு, வைஃபை, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 200. ஓடுவதை எல்லாம் கூட்டி, கிளம்பும்போது அதிகம் கேட்கிற ஒன்றின் கூடுதலை மட்டும் சேருங்கள், ஏனென்றால் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பாது. மேலே சொன்னதற்கு 3,200 வரை வரும். இதற்கு எதற்கு 12,000? சென்ட்ரல் ஏசி ஓட வேண்டும், கிணற்றுப் பம்ப் இருக்கிறது என்றால் கதை வேறு. அவற்றுக்கு 240 வோல்ட் வேண்டும். சின்ன இன்வெர்ட்டர் மாடல்கள் பலவற்றில் 120 மட்டும்தான் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது பெட்ரோலில், கிளம்பும் நொடிக்கான வாட். 9,000 என்று போட்டிருந்தால் தொடர்ந்து ஓடுவது 7,200 போல இருக்கும். புரொபேனில் அதிலும் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும், 6,500 என்று வையுங்கள். மேட்டு நிலத்தில் இருந்தால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் இன்னும் 3.5 சதவீதம் போகும். டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே ஏறக்குறைய 18 சதவீதம் இழப்பு. ஆக, நீங்கள் கணக்கிட வேண்டியது புரொபேனில் தொடர்ந்து ஓடும் வாட். அது பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஏன் புரொபேனை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன் என்றால், டூயல் ஃபியூயல் வாங்குவதே அதற்காகத்தான். பெட்ரோல் மூன்று நான்கு மாதத்தில் கெட ஆரம்பிக்கும். இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும், அது ஈரத்தை இழுக்கும். ஸ்டெபிலைசர் ஊற்றினால் இன்னும் சில மாதம் தாங்கும். டேங்கில் பெட்ரோலை விட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டு, எட்டு மாதம் கழித்து புயலன்று கயிற்றை இழுத்தால் கார்புரேட்டர் முழுக்கப் பசை. இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். புரொபேன் கெடவே கெடாது. ஐந்து வருஷம் கழித்துத் திறந்தாலும் அதே புரொபேன்தான், கார்புரேட்டரிலும் எதையும் படியவிடாது. இன்னொன்று, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாதபோது பெட்ரோல் பங்கில் பம்பும் ஓடாது. முன்கூட்டியே இரண்டு மூன்று சிலிண்டர் நிரப்பி வைத்தவருக்கு அந்த வரிசையில் நிற்கிற வேலை இல்லை.

20 பவுண்டு சிலிண்டரில் ஏறக்குறைய 4.7 காலன் பிடிக்கும். 7,000 வாட் மெஷின் பாதி லோடில் ஓடினால் ஐந்தாறு மணி நேரம் வரும். சின்ன இன்வெர்ட்டர் கால்வாசி லோடில் பத்து மணி நேரத்துக்கு மேலும் போகும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் இடங்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பித் தருகிறார்கள். எடை போட்டு நிரப்பித் தரும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே போங்கள்.

புரொபேனும் ஒரு நேரம் காலை வாரும். போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், விளக்கு மங்கி மங்கி எரிந்தது. வெளியே போய் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலிண்டரின் அடிப்பாதி வெள்ளையாக உறைந்திருக்கிறது. கையுறையோடு தொட்டாலே சில்லென்று ஏறியது. எஞ்சின் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன், உள்ளே இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. புரொபேன் திரவமாக இருந்து ஆவியானால்தான் எஞ்சினுக்குப் போகும். ஆவியாக வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரில் இருந்தே எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் தானே குளிர்ந்துபோய் அழுத்தம் விழுகிறது. கடுங்குளிரில், பெரிய லோடில், சின்ன சிலிண்டர் தாக்குப்பிடிக்காது. அன்று மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, பெட்ரோல் ஊற்றி விடியும்வரை ஓட்டினேன். இரண்டு எரிபொருள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த ராத்திரிதான். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைக்கும் குழாயும் கிடைக்கும், அல்லது 100 பவுண்டு சிலிண்டர் வைக்கலாம். உறைந்த சிலிண்டரை நெருப்பு காட்டிச் சூடாக்குவது, வீட்டுக்குள் தூக்கி வருவது இரண்டும் கூடவே கூடாது. பெட்ரோலில் ஓட்டி முடித்தால் எரிபொருள் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள்.

கைக்குழந்தை என்று சொன்னீர்கள், அதனால் இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் அளவுக்கு அதை விடும் என்று இங்கத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து கரண்ட் போனபோது, குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளும் கராஜிலும் எஞ்சினை ஓட்டியவர்கள் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிரும் போயிருக்கிறது. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது, மூடிய வராந்தாவும் கூடாது. வீட்டில் இருந்து குறைந்தது 20 அடி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடை உணர்ந்து தானே நிற்கும் சென்சார் உள்ள மாடலையே வாங்குங்கள். படுக்கும் அறைப் பக்கம் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். மழைக்கு, நாலு பக்கமும் காற்று போகிற ஜெனரேட்டர் கூடாரம் தனியாகக் கிடைக்கிறது.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, நியூட்ரல் எப்படி உள்ள மெஷின் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: நல்ல எலக்ட்ரீஷியன், விட்டுவிடாதீர்கள். வீட்டில் நியூட்ரலும் எர்த்தும் மெயின் பெட்டியில் ஏற்கெனவே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். சில ஜெனரேட்டர்களில் மெஷினுக்குள்ளும் கட்டியிருப்பார்கள். இரண்டு இடத்தில் கட்டினால் கரண்ட் திரும்பிவர இரண்டு பாதை ஆகிவிடும். கசிவைக் கண்டு நிறுத்தும் ஜிஎஃப்சிஐ உள்ள மெஷினாக இருந்தால், வீட்டோடு இணைத்த உடனே டக்கென்று ட்ரிப் ஆகும். எனக்கு நடந்தது, மெஷினே கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப் போனேன். நீங்கள் இன்டர்லாக் போடுவதால் ஃப்ளோட்டிங் நியூட்ரல், அதாவது மெஷினுக்குள் கட்டாதது வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் வேறொருவர். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பால்கனியில் சின்னதாக ஒன்று வைக்கலாமா?

பதில்: கூடாதும்மா. புகை உங்கள் வீட்டுக்குள்ளும் போகும், மேல்வீட்டுக்கும் போகும். உங்களுக்கு பேட்டரி பவர் ஸ்டேஷன்தான் சரி. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 யூனிட் எடுக்கும். 2 யூனிட் பேட்டரி ஒன்று ஃபிரிட்ஜையும் போனையும் ஒரு நாள் தாங்கும். தனி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இன்லெட் போட முடியாவிட்டால் வயர் இழுத்தே ஓட்டலாம், ஆனால் 12 கேஜ் வயர் வாங்குங்கள். எண் குறைய வயர் தடிக்கும், 16 கேஜ் மெல்லிய வயரைக் கையில் பிடித்தால் சூடு தெரியும்.

கேள்வி: அக்கா, முதலில் கேட்டவன்தான், மெஷின் வந்துவிட்டது! சிலிண்டரை கராஜில் வைத்தேன். மாட்டி வால்வைத் திறந்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதலில் சிலிண்டரை வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். புரொபேன் காற்றைவிட கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து வாட்டர் ஹீட்டர் சுடரைத் தேடிப் போகும். அப்புறம், எண்ணெய் ஊற்றினீர்களா? புது எஞ்சின் எண்ணெய் இல்லாமல்தான் வரும், அளவு குறைவாக இருந்தால் சென்சார் கிளம்ப விடாது. எண்ணெய் சரியென்றால் வால்வை மூடி, இரண்டு நிமிடம் பொறுத்து, இந்தமுறை ரொம்ப மெதுவாகத் திறவுங்கள். வெடுக்கென்று திறந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பான் புரொபேனை நிறுத்திவிடும். கிளம்பியதும் ஹீட்டர், ஃபிரிட்ஜ், பம்ப் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்து அரைமணி ஓட்டிப் பாருங்கள். முதல் 20, 25 மணி நேரம் ஓடியதும் எண்ணெயை மாற்ற வேண்டும், தேதியை மெஷின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.